ஏழு தட்டு, ஓர் ஏணி

சென்ற புதன்கிழமை எங்கள் பாடசாலையில் ஒரு கூட்டம் நடந்தது. பழைய மாணவர்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் நூலகம் கட்டப் போகிறோம். வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். இருபதுக்குப் பதினைந்து அடியில் ஓர் அறை. சாய்வான தகரக் கூரை. தாழ்ந்த பக்கத்தில் உயரம் ஏழு அடி. "இன்னும் கொஞ்சம் உயர்த்தலாமே" என்றேன். "புத்தகம் வைக்கத்தானே டீச்சர், மாளிகையா வேண்டும்?" என்று ஒருவர் கேட்டார். அவர் நல்ல மனிதர். தன் மூன்று மாதச் சம்பளத்தை இந்த அறைக்கென்று கொடுத்தவர். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. வரும் சனிக்கிழமை மறுபடியும் கூடுகிறோம். அதற்குள் சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

ஆம், மாளிகைதான் வேண்டும்.

என் தாத்தாவைத் தோட்டத்தில் எல்லோரும் அப்பு என்றே அழைத்தார்கள். இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தோட்டத்தை நடத்திய துரையின் பங்களாவில் சமையல் வேலை அவருக்கு. பங்களாவில் சமைப்பவருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். சமையலோடு இன்னொரு பொறுப்பும் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும், துரை காலைச் சாப்பாடு முடித்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கிளம்பிய பிறகு, புத்தக அறையைத் துடைக்க வேண்டும். இரண்டு சுவர்களை முழுதாக மறைத்த தேக்குத் தட்டுகள், தரையிலிருந்து மேல்நோக்கி ஏழு. ஐந்தாம் தட்டுக்கு மேலே கை எட்டாது. அதற்காகவே ஓர் ஏணி இருந்தது. யாரும் பிடிக்காமலே தானாக நிற்கும் ஏணி, ஆறு படி.

தாத்தாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். ஆனால் அந்த அறையில் எந்தப் புத்தகம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பச்சைத் தோல் அட்டை, நெற்றியில் பொன் கோடு, மூன்றாம் தட்டில் இடமிருந்து எட்டாவது. அப்படி. புத்தகத்தை எடுக்கும் விதத்தைத் துரைசானி அவருக்குக் கற்றுக்கொடுத்தாராம். அதைத் தாத்தா எனக்குச் சொல்லித் தந்தார். "தலையில் விரலைப் போட்டு இழுக்கக் கூடாது தாயி, முதுகு கிழிந்துவிடும். இரண்டு பக்கத்துப் புத்தகத்தையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் இருப்பதை இடுப்பில் பிடித்து எடு." இன்றும் என் மாணவர்களுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்கிறேன்.

மலையில் புத்தகத்துக்குப் பகைவன் பனிமூட்டம். ஐப்பசி மழை தொடங்கினால் ஹப்புத்தளையில் சுவரே வியர்க்கும். அந்த மாதங்களில் தாத்தா புத்தக அறையின் கணப்பை யாரும் சொல்லாமலே மூட்டிவைப்பார். தோல் அட்டையில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்தால் உலர்ந்த துணியால் துடைப்பார். ஈரத்துணி தொடவே கூடாது என்பார். பங்குனியில் வெயில் வந்ததும் எல்லாக் கண்ணாடிக் கதவுகளையும் திறந்துவிட்டு அறையைக் காற்றாட விடுவார். இப்படி இருபத்திரண்டு ஆண்டுகள்.

நாங்கள் இருந்தது தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா என்ற ஒற்றை அறையில். ஏழு பேர். அப்பா கையை உயர்த்தினால் தகரம் தட்டுப்படும். அடுப்புப் புகை மேலே போக இடமில்லாமல் எங்கள் தலைக்குச் சற்று மேலே நின்றுகொண்டே இருக்கும். குழந்தைகள் குனிந்தே வளர்ந்தோம் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். என் அம்மா கடைசிவரை எந்த வாசலிலும் தலையைத் தாழ்த்தித்தான் நுழைந்தார், அது பத்தடி வாசலாக இருந்தாலும்.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. துரை ஊருக்குக் கிளம்பினார். எனக்கு அப்போது ஆறு வயது. புத்தகங்களைத் தேயிலைப் பெட்டிகளில் அடுக்கும் வேலைக்குப் போன தாத்தா என்னையும் கூட்டிப்போனார். அன்றுதான் அந்த அறையைக் கண்டேன். எதையும் வாசிக்கவில்லை, தொடவுமில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன், அவ்வளவுதான். ஏழாம் தட்டுக்கு மேலேயும் சுவர் போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் வைக்காத, எதற்கும் பயன்படாத வெறும் உயரம். சன்னல் வெளிச்சம் அங்கே போய்த் தங்கியிருந்தது. மனிதர்கள் இருக்கும் ஓர் அறையில் இவ்வளவு இடத்தைச் சும்மா விடலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

போகும்போது துரை தாத்தாவுக்கு அந்த ஏணியைக் கொடுத்தார். தாத்தா அதைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தார். காம்பராவுக்குள் அதை நிறுத்த முடியவில்லை, கூரை இடித்தது. முன்வாசல் இஸ்தோப்பில் படுக்கப் போட்டோம். பிறகு எத்தனையோ ஆண்டுகள் அதுதான் எங்கள் வாங்கு. நான் அ, ஆ எழுதியதும் அதில் உட்கார்ந்துதான்.

ஹப்புத்தளைக்கு வருபவர்கள் அடிசம் பங்களாவைப் பார்க்காமல் போவதில்லை. நகரத்திலிருந்து தங்கமலைக் காட்டை ஒட்டிப் போகும் பாதையில் சுமார் மூன்று கிலோமீற்றர். சேர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த கருங்கல் வீடு அது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள லீட்ஸ் கோட்டையைப் பார்த்துக் கட்டியது. தான் பிறந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். 1960களின் தொடக்கத்திலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. சனி, ஞாயிறுகளிலும் பௌர்ணமிப் போயா நாட்களிலும் உள்ளே விடுவார்கள். வரவேற்பறையையும் நூலகத்தையும் அக்காலத்தில் இருந்தபடியே பேணி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு, மடத்தில் செய்யும் ஜாம் வாங்கப் போய்விடுகிறார்கள். நான் அந்த நூலக அறையில் நின்றுவிடுவேன். மெழுகு தேய்த்த மரத்தின் வாசனை, பழைய தாளின் இலேசான புளிப்பு, சன்னலுக்கு வெளியே மேலேறி வரும் மூட்டம். என் தாத்தா துடைத்த அறை இப்படித்தான் மணத்தது. எங்கள் தோட்டத்து பங்களாவில் அந்த அறை இப்போது இல்லை. அதனால் நான் இங்கே வருகிறேன்.

அங்கும் புத்தகங்கள் கண்ணாடிக்குப் பின்னால்தான். அவ்வளவு பழையவற்றை வேறெப்படி வைப்பது? துறவிகள் செய்வது சரிதான். ஆனாலும் என் விரல்கள் துடிக்கும்.

போன பொங்கலுக்கு மகன் ஒரு பெரிய படப் புத்தகம் அனுப்பியிருந்தான். உலகத்து நூலகங்களின் படங்கள். மடியில் வைத்தால் கால் மரத்துப் போகும் அளவுக்கு எடை. இரவில் நான்கு பக்கம், ஐந்து பக்கம் என்று பார்த்து வருகிறேன். இங்கிலாந்தின் ஹெரிபோர்ட் தேவாலயத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் தட்டோடு பிணைத்திருக்கிறார்கள். சங்கிலியை அட்டையின் முன் விளிம்பில் மாட்டியிருப்பதால் புத்தகங்கள் முதுகை உள்ளே காட்டி, தாள் விளிம்பை நம் பக்கம் காட்டி நிற்கின்றன. முகம் திருப்பிக்கொண்ட மனிதர்களைப் போல எனக்குத் தோன்றியது. போர்த்துக்கலில் கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்தின் பழைய நூலகத்தில் வௌவால்கள் குடியிருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். இரவில் அவை பறந்து புத்தகப் பூச்சிகளைத் தின்கின்றன. அவற்றின் எச்சம் விழாமல் ஒவ்வொரு மாலையும் மேசைகள்மேல் தோலை விரித்து மூடுகிறார்கள், காலையில் எடுத்துத் துப்புரவு செய்கிறார்கள். பொன் வேலைப்பாட்டைவிட அந்தத் தோல் விரிப்பைத்தான் நான் நெடுநேரம் பார்த்தேன். அதை விரிக்கும் கை யாருடையதோ! அந்தக் கையைத் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும்.

இவை எல்லாவற்றிலும் என்னைத் தூங்க விடாமல் செய்தது டப்ளின் திரித்துவக் கல்லூரியின் நீண்ட கூடம். 65 மீற்றர் நீளம். 1700களில் கட்டியபோது அதற்குத் தட்டையான மேற்கூரைதான். 1801 முதல் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் அச்சாகும் எந்த நூலிலும் ஒரு படி பெறும் உரிமை அந்த நூலகத்துக்குக் கிடைத்தது. அரை நூற்றாண்டில் தட்டுகள் நிரம்பிவிட்டன. இடமில்லை என்று அவர்கள் புத்தகங்களைக் கழிக்கவில்லை. 1860இல் கூரையை எடுத்துவிட்டு, பீப்பாயைப் பிளந்து கவிழ்த்தது போல மர வளைவு ஒன்றை இன்னும் உயரத்தில் கட்டினார்கள். மேல்தளத்திலும் தட்டுகள் வைத்தார்கள். இன்று உலகமே போய்ப் படம் எடுக்கும் அந்த அழகு, புத்தகங்கள் கூடியதால் கூரையை உயர்த்தியபோது வந்தது. கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அன்று நினைவுக்கு வரவில்லை.

நான் கண்ணாடி இல்லாமல், சங்கிலி இல்லாமல், பெரிய நூலகம் ஒன்றில் முதன்முதலாகக் கைவைத்தது பேராதனைப் பல்கலைக்கழகத்தில். 1991. பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த காலம் முடிந்து, எங்கள் தொகுதி தாமதமாக உள்ளே போனது. பேராதனை நூலகத்தைப் பழைய ஐரோப்பிய நூலகங்களோடு ஒப்பிட முடியாது. பொன் பூச்சு இல்லை, ஓவியம் தீட்டிய விதானம் இல்லை. ஆனால் அதன் வேர் 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கிறது. 1952இல் பல்கலைக்கழகம் மகாவலிக் கரைக்கு வந்தபோது புத்தகங்களும் மலையேறி வந்தன. இலங்கையைப் பற்றி உலகில் வெளிவந்த நூல்களையும் கட்டுரைகளையும் தேடிப் பட்டியலிட்டு, ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட இயன் குணதிலக்க அங்கேதான் நூலகராக இருந்தார். ஒரு மனிதர் தன் வாழ்நாளைப் பட்டியல் போடுவதற்கே கொடுத்திருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

முதல் நாள் தட்டுகளுக்கு நடுவே நுழைந்தேன். தமிழ்ப் பகுதி. யாரும் தடுக்கவில்லை. இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் உள்ளே தள்ளி, நடுவில் இருந்ததை இடுப்பில் பிடித்து எடுத்தேன். அது என்ன புத்தகம் என்பதுகூட இப்போது நினைவில் இல்லை. சன்னலுக்கு வெளியே மரங்கள், அவற்றுக்கு மேலே ஹந்தானை மலை. அன்று மாலைவரை வாசித்தேனா, அழுதேனா என்று கேட்டால் இரண்டும்தான்.

தாத்தாவுக்குக் கடிதம் எழுதினேன். பக்கத்துக் காம்பராப் பையன் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். பதிலும் அவன் கையெழுத்தில் வந்தது. இரண்டே கேள்விகள். எத்தனை தட்டு? யார் துடைக்கிறார்கள்?

1994இல் அவரே வந்தார். பொடி மெனிக்கே ரயிலில், வெள்ளை வேட்டியும் துரை கொடுத்த பழைய கோட்டும் அணிந்து, எழுபத்தெட்டு வயதில். நூலக வாசலில் இருந்த ஊழியரிடம் என் சிங்களத்தில் விளக்கினேன். அவர் தாத்தாவின் கோட்டையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "பத்து நிமிடம்" என்று உள்ளே விட்டார். தாத்தா தட்டுகளுக்கு நடுவே மெல்ல நடந்தார். ஓரிடத்தில் நின்று, புத்தகங்களுக்குப் பின்னால் கையை விட்டு, தட்டின் உள்பக்கத்தில் ஒரு விரலை இழுத்தார். விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தூசி. பேசாமல் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தார். அந்தத் தட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, துடைத்து, திரும்ப வைத்தார். பத்து நிமிடம் கழித்து வந்த ஊழியர் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் சற்றுத் தள்ளிக் காத்து நின்றார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாதது எனக்கு இன்றும் குறையாக இருக்கிறது.

வெளியே வந்ததும் தாத்தா சொன்னார்: "இங்கே துரைமாருக்கு மட்டும் இல்லையே, நீயும் எடுக்கலாம்தானே?" எடுக்கலாம் என்றேன். "அப்படியென்றால் நன்றாகத் துடைக்கச் சொல்."

போர் நிறுத்த ஒப்பந்தக் காலத்தில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். பொது நூலகத்தின் கதையை இங்கே முழுவதும் எழுதப் போவதில்லை. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் எரித்தார்கள், ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. தமிழர் எவருக்கும் இது தெரியும். நான் சொல்ல விரும்புவது அதற்கு முந்திய கதையை. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசிகசாலை அது. அதை நடத்தியவர்கள் தகரக் கொட்டகை போதும் என்று நின்றுவிடவில்லை. சென்னையிலிருந்து நரசிம்மன் என்ற கட்டடக் கலைஞரை அழைத்தார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் மேதை இரங்கநாதனிடம் ஆலோசனை கேட்டார்கள். 1959இல் குவிமாடங்களோடு வெள்ளை வெளேரென்று அந்தக் கட்டடம் எழுந்து நின்றது. 26 ஆண்டுகள் அவர்கள் பொறுத்திருக்கிறார்கள், ஆனால் குறைத்துக் கேட்கவில்லை. மீண்டும் கட்டிய நூலகத்தின் முன்னே, சரசுவதி சிலைக்கு அருகில் நின்றபோது, எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி கழுத்தை வளைத்துக் குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது. 1975இல் என் வாயும் அப்படித்தான் திறந்திருந்திருக்கும்.

மலையகத்தில் உயரமான கட்டடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறது. ஸ்டோர். நான்கு மாடி, வரிசை வரிசையாகச் சன்னல்கள், மேல்மாடிகளில் நீண்ட விசாலமான கூடங்கள். கொழுந்தை வாட வைக்கும் இடம். பறித்த கொழுந்து வாடக் காற்று வேண்டும், அதனால் நாலாபக்கமும் சன்னல் வைத்தார்கள். கொழுந்துக்குக் காற்றையும் வெளிச்சத்தையும் அளந்து அளந்து கொடுத்தவர்கள், அதைப் பறித்தவர்களைப் பத்துக்குப் பன்னிரண்டில் வைத்தார்கள். ஹந்தானையில் 1925இல் கட்டிய ஒரு தேயிலைத் தொழிற்சாலையை இப்போது தேயிலை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். அதன் மேல்மாடி ஒன்றில் ஒரு நூலகமும் உண்டு. அங்கே போனபோது எனக்குத் தோன்றியது இது: கொழுந்து கிடந்த இடத்தில் புத்தகம் இருக்கலாம், வாடுவதற்குப் பதிலாக ஒரு பிள்ளை அங்கே உட்கார்ந்து வாசிக்கலாம். கைவிடப்பட்டுத் தகரம் துருப்பிடித்துக் கிடக்கும் ஸ்டோர்களைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் என் மனம் அவற்றின் சன்னல்களை எண்ணுகிறது.

அது பெரிய கனவு. இப்போது என் கையில் இருப்பது இருபதுக்குப் பதினைந்து அடி அறை ஒன்று.

உயரமான அறை குளிரும் என்று கூட்டத்தில் ஓர் அம்மா சொன்னார். உண்மைதான், மார்கழியில் குளிரும். பிள்ளைகள் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்வார்கள். ஆனால் தாழ்ந்த கூரையில் நிற்கும் ஈரம் புத்தகங்களை இரண்டே மழைக்காலத்தில் தின்றுவிடும், இதை நான் கண்டிருக்கிறேன். மழை கொட்டும்போது ஏழடி உயரத்தில் இருக்கும் தகரத்தின் கீழ் ஒரு வரி வாசிக்க முடியுமா? அதுவும் அந்த அம்மாவுக்குத் தெரியும். அவரும் லயத்தில் வளர்ந்தவர்தான்.

மேசன் பாஸிடம் நேற்றுக் கணக்குக் கேட்டேன். நான்கு சுவர்களையும் ஏறத்தாழ மூன்றடி உயர்த்த நான்கு வரிசைக் கல் கூடும். மொத்தம் சுமார் 210 சீமெந்துக் கல். மேலே இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்தால் பகலில் விளக்கு வேண்டாம் என்றும் அவராகவே சொன்னார். கல்லின் செலவை நான் ஏற்கிறேன். அதைச் சனிக்கிழமை எழுதிக் கொடுத்துவிடுவேன்.

தாத்தாவின் ஏணி இப்போது பண்டாரவளையில் என் வீட்டில் இருக்கிறது. இங்கே கூரை உயரம், அதனால் நிற்கிறது. ஒரு படியும் தளரவில்லை. இன்று காலை அளந்து பார்த்தேன். தரையிலிருந்து உச்சிவரை ஏழு அடி எட்டு அங்குலம். சனிக்கிழமை அதை ஆட்டோவின் மேல் கட்டிக் கொண்டுபோகிறேன். வரைபடத்தின் அருகில் நிறுத்தி வைக்க வேண்டும்.